டோப்ரிலா மித்திச்சும் எண்பத்தைந்து டிகிரியும்

டோப்ரிலா மித்திச் எதையும் கண்டுபிடித்தவர் அல்லர். எங்கள் ஊரான நீஷ் நகரத்தில் சிலர் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர் காதில் விழுந்தால் அவரே திருத்துவார். டிராம் மோட்டாருக்கு மின்சாரத்தை வெட்டித் தருவதுதான் அவருடைய வேலை. அதை ஒழுங்காகச் செய்தார். நடந்தது அவ்வளவுதான், ஆனால் நடந்த விதத்தை எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

மேலே ஓடும் கம்பியிலிருந்து டிராமுக்கு வருவது ஒரே சீரான மின்சாரம். மோட்டாருக்கு அது அப்படியே ஆகாது. மெதுவாகப் போகக் கொஞ்சம் வேண்டும், வேகமாகப் போக அதிகம் வேண்டும், அதுவும் மூன்று பங்காக, ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும்படி வேண்டும். அதற்காக வண்டியின் அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. பெட்டிக்குள் மூன்று கால்கள், பங்குக்கு ஒன்று. ஒவ்வொரு காலிலும் மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். இவற்றை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை போட்டு அணைக்க வேண்டும். போட்டிருக்கும் நேரம் அகலமானால் மோட்டாருக்கு அதிகம் போகும், குறுகினால் குறைவாகப் போகும். ஒரே காலில் மேலும் கீழும் சேர்ந்து போட்டபடி இருந்தால் பெட்டி வெடித்துவிடும். ஆகவே ஒன்றை அணைத்த பிறகு மற்றதைப் போடும்முன் ஒரு நூலிழை இடைவெளி விட வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்வது ஒரு சிப். கடையில் வாங்கும்போது அதற்குள் எந்த மின்சுற்றும் கிடையாது. வேண்டிய சுற்றை எழுதி ஏற்றினால் சிப் அந்தச் சுற்றாகவே ஆகிவிடும். எங்கள் பட்டறையில் அதை எழுதுபவர் டோப்ரிலா. சோதனை அறையில் வோல்ட், ஆம்பியர், டிகிரி ஆகியவற்றை எழுதுபவன் நான்.

அவர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் பிறந்தவர். பழைய அரசாங்கத் தொழிற்சாலையில் கம்பிச் சுருள்களைச் சரிபார்க்கும் பெண்ணாகச் சேர்ந்து, வேலை முடிந்தபின் வகுப்புக்குப் போய்ப் பொறியாளர் ஆனார். தொழிற்சாலை மூடியபோது ஒரு மூலையைத் திஹோமிர் என்பவர் எடுத்துக்கொண்டார். மூலையோடு டோப்ரிலாவும் நானும் வந்தோம். டோப்ரிலாவின் கணவர் ராத்கோ மீன் பிடிப்பவர். பிழைப்புக்காக அல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில். அந்த வீட்டில் சும்மா உட்காரும் உரிமை அவருக்கு மட்டும்தான், அதையும் அவர் ஆற்றங்கரையில்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். டோப்ரிலாவுக்கு எதுவும் சும்மா இருக்கக் கூடாது. தொலைபேசியில் பேசும்போது மறுகையால் இஸ்திரி போடுவார். காபி பொங்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதர்களை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது.

அந்த ஆண்டு செப்டம்பரில் வடக்கேயுள்ள ஒரு பெரிய நகரத்து டிராம் கம்பெனிக்காகப் புதுப் பெட்டி செய்தோம். சோதனை இதுதான்: முழுச் சுமையில் நான்கு மணி நேரம் ஓட வேண்டும், சுவிட்சுகள் பதிந்திருக்கும் அலுமினியத் தகடு எண்பத்தைந்து டிகிரியைத் தொடக் கூடாது. தொட்டால் பெட்டி தானே ட்ரிப் ஆகி நின்றுவிடும். செப்டம்பரில் அறுபத்தாறில் நின்றது. திஹோமிர் எல்லோருக்கும் ரக்கியா சாராயம் ஊற்றினார்.

பிறகு டிராம் கம்பெனியிலிருந்து சேதி வந்தது. ஒரு வண்டியில் போட்டு ஓட்டிப் பார்த்தார்களாம், கீச்சென்று ஒரு சத்தம் வருகிறதாம், ஓட்டுநர்களின் பல் கூசுகிறதாம். அது சுவிட்சுகள் போட்டணைக்கும் சத்தம். அதைக் காதை உறுத்தாத அளவுக்குக் குறைக்க ஒரே வழி, இன்னும் அதிகத் தடவை போட்டு அணைப்பது. டோப்ரிலா நாலாயிரத்தை எட்டாயிரமாக்கினார். ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் சூடு உண்டு. தடவை இரட்டித்தால் சூடும் ஏறும். கணக்குப் போட்டார்: எழுபத்தைந்து டிகிரி. பரவாயில்லை.

அக்டோபர் நடுவில் சோதனை வைத்தோம். மூன்றாம் மணி நேரத்தில் எண்பத்தைந்தைத் தொட்டு ட்ரிப் ஆயிற்று.

அதே வாரத்தில், சோதனைக்கு முன்பே, இன்னொன்றும் நடந்தது. யாரும் அதை ஒரு நிகழ்ச்சியாக நினைக்கவில்லை, ஆகவே அதை இங்கே வரிசைப்படி எழுதுகிறேன். பெட்டியின் விசிறி, அறையிலிருந்து காற்றை இழுத்து, அலுமினியத் தகட்டின் வழியாகத் தள்ளி, சுவரிலுள்ள தகரக் குழாயில் வெளியே விடும். போன காற்றுக்குப் பதில் காற்று கதவின் அடியில் நுழையும். கதவுக்கும் குழாய்க்கும் நடுவில், பெட்டிக்குச் சுமை ஏற்றும் மேசை. அங்கே உட்காருபவர் ஸ்ரெதென் மேஸ்திரி. குளிர் தொடங்கிவிட்டது.

"இந்தக் குறுக்குக்காத்து என் கழுத்த எடுத்துட்டுதான் போகும்," என்றார் ஸ்ரெதென். "போன வருஷம் பத்து நாள் வலப்பக்கம் திரும்பல. என் சம்சாரம் அந்தப் பக்கமாவே நின்னு திட்டினா. யாரு திட்றதுன்னே பாக்க முடியல."

"கழுத்தோட போனா பரவால்ல," என்றார் டோப்ரிலா. "கிட்னிக்கு எறங்கிடும். எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு. கோடைக்காலத்துல, பஸ்ல, ரெண்டு ஜன்னல் தொறந்திருந்தது."

மறுநாள் காலை டோப்ரிலா, ராத்கோ மீன் பிடிக்கும்போது போடும் கையில்லாத ஆட்டுத்தோல் கோட்டை ஒரு பையில் கொண்டுவந்தார். ஸ்ரெதென் தகரக் குழாயின் மூடியைத் திறந்து அதை உள்ளே அடைத்தார். கதவின் அடியில் காற்று நின்றது. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. குளிர் வந்தால் எந்த வீட்டிலும் செய்வதுதான். என் பதிவுத்தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.

ஆக, ஒரே வாரத்தில் இரண்டு மாறியிருந்தன. ஒன்றைத்தான் மாற்றம் என்று எண்ணினார்கள்.

திஹோமிர் கீழே இறங்கி வந்தார். நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்லும்போது எதையாவது கையில் எடுத்துத் துடைப்பார். அன்று என்னுடைய வெப்பமானியைத் துடைத்தார்.

"டோப்ரிலா, நவம்பர் மொத வாரம் டிராம் கம்பெனி ஆய்வாளர் வர்றாரு. அவரு முன்னால பெட்டி நாலு மணி நேரம் ஓடணும். உன் சிப்புல ஓடலேன்னா நான் வடக்கேருந்து ரெடிமேட் கண்ட்ரோல் கார்டு வாங்கிப் போட்ருவேன். பேசிட்டேன். அவங்க ஆள் ஒருத்தன் கொண்டாந்து மாட்டிக் காட்றேன்னிருக்கான்."

"அப்ப நான் என்ன செய்யணும் முதலாளி?"

"உன்னத் தொரத்தல. மேல கையேடு எழுதுற ரூம்ல ஸ்போமென்கா தனியாதான இருக்கா. நல்ல ரூம். ஜன்னல் இருக்கு. செடி இருக்கு."

"செடிய வெச்சு என்ன பண்றது?"

"தண்ணி ஊத்தலாம்."

அவர் போனபின் டோப்ரிலா என் பக்கம் திரும்பினார். "கையேடு எழுதறதுன்னா என்ன பிளாகோயே மாமா? செஞ்சவன் இல்லாதப்போ, செய்யாதவனுக்கு, செய்யாத இன்னொருத்தி சொல்றது. நான் அங்க போனா ரெண்டே மாசம். என்னையும் தொட்டியில வெச்சு தண்ணி ஊத்துவாங்க."

அவருக்கு வயது ஐம்பத்துநாலு. வேறிடம் போகிற வயது இல்லை, போகவும் வேறிடம் இல்லை. கையால் எழுதிய சுற்று வேண்டும் என்று எங்கள் ஊரில் கேட்பவர் திஹோமிர் ஒருவர்தான்.

கணக்கு எழுபத்தைந்து என்றது, தகடு எண்பத்தைந்து என்றது. சிலர் இந்த இடத்தில் வெப்பமானியைச் சந்தேகப்படுவார்கள். டோப்ரிலா தன்னைச் சந்தேகப்பட்டார். சிப்புக்குள் யாரும் கேட்காத துடிப்புகள் எங்கோ பிறக்கின்றன, அவைதான் சுவிட்சுகளை வீணாகப் போட்டு அணைத்துச் சூடேற்றுகின்றன என்று முடிவு செய்து தேட ஆரம்பித்தார்.

தேடியவருக்கு ஒன்று கிடைக்கவும் செய்தது. சிப்புக்குள் ஒரு எண்ணி இருக்கிறது. அது ஏறி இறங்கி, ஏறி இறங்கி எண்ணிக்கொண்டே இருக்கும். வேண்டிய அகலத்தை ஒரு எண்ணாகக் கொடுத்து வைத்தால், எண்ணி அதைத் தாண்டும்போது சுவிட்ச் அணையும், திரும்பி வரும்போது போடப்படும். எண்ணி ஏறிக்கொண்டிருக்கும் நடுவில் அகலத்தை மாற்றிவிட்டால், அணைந்த சுவிட்ச் மறுபடி ஒருமுறை விழித்து அணையும். அப்படி ஒன்று எப்போதாவது நடந்துகொண்டிருந்தது. எண்ணி உச்சியையோ அடியையோ தொடும்போது மட்டும் புது அகலம் உள்ளே போகும்படி அவர் மாற்றி எழுதினார். சுத்தமான வேலை. மறுபடி சோதித்தோம். மூன்றாம் மணி நேரத்தில், முன்பைவிட நான்கு நிமிடம் தாமதமாக, ட்ரிப் ஆயிற்று.

"நாலு நிமிஷம்," என்றார் ஸ்ரெதென். "இதே மாதிரி இன்னும் பதினஞ்சு தப்பு கண்டுபிடிச்சா தேறிடும்."

"வாய மூடு ஸ்ரெதென்."

"மூடிக்கறேன். காத்து உள்ள போயிடப் போகுது."

இடைவெளியைச் சுருக்கிப் பார்த்தார். நீட்டிப் பார்த்தார். சுவிட்சுகளையே கழற்றி வேறு மாட்டினார். தகட்டுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் பூசும் வெள்ளைப் பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசினார். எதற்கும் தகடு அசையவில்லை. ஒவ்வொரு தடவையும் ஸ்ரெதென் சுமையை ஏற்றுவார், நான் டிகிரியை எழுதுவேன், டோப்ரிலா குழாயில் சாய்ந்து நின்று யோசிப்பார். வெதுவெதுப்பாக இருக்கிறது என்று அந்த இடம் அவருக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் கடைசியில் வாசலுக்கு எதிரே நகராட்சி ஆட்கள் வெந்நீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டினார்கள். மூன்று பேர். இரண்டு பேர் தோண்டுவார்கள், மூன்றாமவர் மண்வெட்டியில் சாய்ந்து நின்று பார்ப்பார். சிறிது நேரம் கழித்து வேறொருவர் சாய்வார். டோப்ரிலாவால் இதை இரண்டு நாள்தான் தாங்க முடிந்தது. மூன்றாம் நாள் ஜன்னலைத் திறந்தார்.

"ஏம்பா, மூணு பேரும் சேந்து தோண்டினா சீக்கிரம் முடியாதா?"

நின்றுகொண்டிருந்தவர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். "முடியும் அக்கா. சீக்கிரம் முடிஞ்சா அடுத்த பள்ளத்துக்கு அனுப்புவாங்க."

"வெக்கமா இல்ல?"

"எங்க பள்ளம் ஆழம் கொறைஞ்சிருக்கான்னு வந்து அளந்து பாருங்க. கொறைஞ்சிருந்தா அப்பறம் வெக்கப்படறேன். ஜன்னல மூடுங்கக்கா, உள்ள யாருக்காவது காத்து அடிச்சிடப் போகுது."

டோப்ரிலா ஜன்னலை மூடினார்.

இந்தப் பள்ளத்திலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது என்று ஸ்ரெதென் இன்றைக்கும் சொல்கிறார். அது சரியல்ல. அந்த முறை பாடப்புத்தகங்களில் ரொம்ப நாளாக இருக்கிறது, டோப்ரிலாவுக்குப் படிக்கும் காலத்திலிருந்தே தெரியும். பிடிக்காது என்பதால் தொடவில்லை. முறை இதுதான்: மோட்டாருக்கு மூன்று கால்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டும்தான் தெரியும். மூன்றையும் ஒரே அளவு மேலே தூக்கினாலும் கீழே இறக்கினாலும் அது கண்டுகொள்ளாது. ஆகவே ஒரு காலை உச்சிக்குத் தூக்கி அப்படியே நிறுத்திவிடலாம். போட்ட சுவிட்ச் போட்டபடியே இருக்கும். மற்ற இரண்டும் அதற்கேற்பத் தங்கள் அகலத்தை மாற்றிக்கொண்டால் மோட்டாருக்கு வரவேண்டியது வந்துவிடும். நிற்கிற கால் போட்டணைக்காததால் அந்த நேரத்தில் அந்தச் சூடு இல்லை. பிறகு அடுத்த காலின் முறை.

அதாவது எந்த நேரத்திலும் மூன்றில் ஒன்று சும்மா நிற்கும். டோப்ரிலா உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

ஆனால் எழுத ஆரம்பித்தால் அரைகுறையாக எழுத அவருக்குத் தெரியாது. மின்னழுத்தம் உச்சியில் இருக்கும் காலை நிறுத்துவதுதான் சுலபம். சுமை உச்சியில் இருக்கும் கால் அதற்குக் கொஞ்சம் பின்னால் வரும்; அதிக மின்சாரம் ஓடும்போது போட்டணைத்தால்தான் அதிகச் சூடு. ஓய்வை அந்த அளவுக்குப் பின்தள்ளினார். மோட்டார் ஓடும் நிலையைப் பார்த்து எவ்வளவு தள்ளுவது என்பதைச் சிப்பே தீர்மானித்துக்கொள்ளும். வண்டி மெதுவாக ஊரும்போது இந்த முறையில் மோட்டார் உறுமும் என்பதால், அப்போது மட்டும் மூன்றும் உழைக்கும்படி செய்தார். இந்த முறைக்கும் அந்த முறைக்கும் மாறும் இடத்தில் ஒரு துடிப்புகூடத் தவறக் கூடாது என்பதற்கு ஒரு வாரம் பிடித்தது.

ஸ்ரெதென் திரையில் மூன்று கோடுகளையும் பார்த்தார். இரண்டு படபடத்தன, ஒன்று அசையாமல் நின்றது.

"அட, நகராட்சி முறை!" என்றார்.

"இல்ல," என்றார் டோப்ரிலா. "இங்க எவன் அதிகமா சொமக்கறானோ அவனுக்குதான் ஓய்வு."

"அப்ப நகராட்சி இல்ல. நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

வாபஸ் பலிக்கவில்லை. பட்டறையில் அந்தப் பெயரே நிலைத்தது. நான்கு மணி நேரம் ஓடி எழுபத்தொன்பதில் நின்றது பெட்டி.

ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள் கார்டுக்காரர் வந்தார். பெயர் லெஹெல், எல்லையோரத்து ஹங்கேரியர், அடக்கமான இளம் பொறியாளர். தன்னுடைய காரிலேயே கார்டைக் கொண்டுவந்திருந்தார். திஹோமிர் வாக்குக் கொடுத்துவிட்டபடியால் அதையும் அதே பெட்டியில் மாட்டி ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. எது தேறுகிறதோ அது ஆய்வாளர் முன்னால் போகும். காலை ஏழு மணிக்கே தொடங்கினோம். மூன்றாம் மணி நேரத்தில் எண்பத்தைந்தைத் தொட்டு ட்ரிப் ஆயிற்று.

திஹோமிர் டோப்ரிலாவின் தோளில் தட்டிவிட்டு, யாருக்கோ போன் செய்ய மேலே போனார். லெஹெல் நம்பாதவராக வெப்பமானியைப் பார்த்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இந்தக் கார்டு வேற ரெண்டு எடத்துல ஓடுது. எங்கயும் எழுபத்தஞ்சத் தாண்டினதில்ல. வெளிய போற காத்து ஒழுங்கா போகுதா?"

"எப்படிப் போகும்?" என்றார் ஸ்ரெதென். "அடைச்சு வெச்சிருக்கோமே."

"அடைச்சா?"

"குறுக்குக்காத்துப்பா. நான் இங்கதான உக்காறேன்."

"ஓ. ஆமாமா," என்றார் லெஹெல் மரியாதையாக. "எங்க அம்மாவுக்கு ஒரு காது அப்படித்தான் போச்சு." குனிந்து கார்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

டோப்ரிலா குழாயில் சாய்ந்து நின்றிருந்தார். விலகிக்கொண்டார். பிறகு கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார், திருப்பி எடுத்துக்கொண்டார். காபி போட்டுக் குடித்தார். லெஹெல் கருவிகளைப் பெட்டியில் அடுக்கி, எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார். டோப்ரிலா மண்டி வரை குடித்துக் கோப்பையைக் கழுவினார். அந்த நேரத்தில் அவருக்கு என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, அவர் சொல்லவுமில்லை. வென்றாகிவிட்டது, மாடிக்குப் போக வேண்டியதில்லை, கார் இன்னும் இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடும். வெளியே போனார். குளிருக்குப் போர்த்திக்கொள்ளாமலே போனதால் நான் அவருடைய கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"லெஹெல், கார்ட வெளிய எடுங்க."

"ஏன் மேடம், ஸ்க்ரூடிரைவர் எதையாவது விட்டுட்டனா?"

"மூளைய விட்டுட்டீங்க. நான் மூணு வாரமா என்னோடத விட்டுட்டேன். கொழாய்ல எங்க வீட்டுக்காரர் கோட்டு இருக்கு."

லெஹெல் யோசித்தார். "முழுக் கோட்டா?"

"கையில்லாதது."

"அப்ப கொஞ்சம் காத்து போயிருக்கும்."

"அதனாலதான் மூணாவது மணி வரைக்கும் வந்துது. எறங்குங்க."

திஹோமிர் மாடிப்படியிலேயே நின்று கேட்டார். கையில் துடைக்க எதுவும் இல்லாததால் கைப்பிடியைத் துடைத்தார்.

"நீதான் ஜெயிச்சிட்டியே? யாரு உன்னக் கேட்டா?"

"சிப் ஜெயிச்சுதா, கோட்டு ஜெயிச்சுதான்னு தெரிய வேணாமா முதலாளி?"

"எனக்கு வேணாம்."

"நாளைக்கு வண்டிக்கு அடியில யாரும் கோட்டு அடைக்க மாட்டாங்க. அங்க அவரு கார்டு எழுபத்தஞ்சுல ஓடும். அப்ப அவரு கேக்க மாட்டாரா?"

"கேட்டா நான் போன எடுக்க மாட்டேன்," என்றார் திஹோமிர். ஆனால் தடுக்கவில்லை.

ஸ்ரெதென் தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று அறிவித்துவிட்டுக் கோட்டை வெளியே எடுத்தார். அன்று மாலைக்குள் ஓட்ட முடிந்ததை ஓட்டினோம். தகடு சமநிலைக்கு வந்தபோது லெஹெலின் கார்டு எழுபத்துநாலில் நின்றது. டோப்ரிலாவின் புதுமுறை அறுபத்துமூன்றில் நின்றது. லெஹெல் அறுபத்துமூன்றை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். பொறாமையோடு சொன்னார், ஆகவே உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் தேற எண்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் போதும். இரண்டும் தேறிவிட்டன. திஹோமிருக்கு ரெடிமேட் கார்டு என்றால் பழுதானால் போன் செய்ய ஓர் எண் இருக்கும். டோப்ரிலா எழுதியது என்றால் டோப்ரிலா மட்டும்தான் இருப்பார். "ரெண்டும் ஓடுதுன்னா நான் கார்டதான் எடுக்கணும் டோப்ரிலா," என்றார் அன்று மாலை. "உனக்கு ஜுரம் வந்தா டிராம் நிக்கக் கூடாதில்ல." டோப்ரிலா திரும்பித் தன் இடத்துக்குப் போனார். மேசை இழுப்பறையைக் காலி செய்து சாமான்களை ஒரு பையில் போட்டார். ராத்கோவின் கோட்டையும் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று மேலே வைத்தார்.

மறுநாள் காலை ஆய்வாளர் விதோசாவ் வந்தார். வாழ்நாள் முழுக்க டிராம் டிப்போவில் இருந்து ஆய்வாளரானவர். கனத்த உடம்பு, சிறிய கண்ணாடி. இரண்டையும் பார்ப்பதாகச் சொன்னார். முதலில் லெஹெலின் கார்டு. அறையில் நல்ல நாற்காலி ஒன்றே ஒன்றுதான், அது ஸ்ரெதெனுடையது. ஆய்வாளர் அதில் உட்கார்ந்தார்.

கால்மணி நேரத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அரைமணி நேரத்தில் நாற்காலியை நகர்த்தினார். பிறகு எழுந்து நின்றார்.

"இந்த ரூம்ல எங்கயோ தொறந்திருக்கு."

திஹோமிர் குழாயையும் கோட்டையும் பற்றி விளக்கினார்.

"மூடுங்க."

"ஐயா, மூடினா சோதனை வேற மாதிரி ஆயிடும்," என்றார் டோப்ரிலா.

"என் கிட்னி வேற மாதிரி ஆனா நீங்க ஒண்ணு தருவீங்களாம்மா?"

"இந்த ஆளோட கார்டு அதுல தேறாது. நேத்தே பாத்தாச்சு. அது நியாயமில்ல."

விதோசாவ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "எது தேறாதுன்னு சொல்றீங்களோ அது உங்களுதா?"

"இல்ல. அவருது."

"அப்பறம் என்ன?" கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நவம்பர்ல எங்க வண்டிக்கு அடியில வந்து பாருங்க. லிண்டன் மரத்து எலை, சேறு, ஒரு தடவை ஒரு முழு பொம்மை, முடியோட. காத்து போற கம்பிவலைல ஒரு வெரல் போகாது, அவ்வளவு அடைப்பு. அதோட பாத்தா கோட்டு தங்கம். நீங்க சொல்லித்தான் எனக்கே தோணுது, இதத்தான் சோதிக்கணும். அடைங்க."

கோட்டு டோப்ரிலாவின் பையிலிருந்து வந்தது. குழாயருகே நின்றுகொண்டிருந்தவர் லெஹெல். அவரே அதை வாங்கி உள்ளே அடைத்தார். காலையிலிருந்து அவருக்கும் காது வலித்துக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார்.

"இப்படி அடைச்சதை எழுதணும் ஐயா," என்றார் டோப்ரிலா.

"எழுதறேன்." அறிக்கையில் அது இப்படி இருக்கிறது: 'வெளியேறும் காற்று ஆட்டுத்தோல் உடையால் தடுக்கப்பட்ட நிலையில்.'

லெஹெலின் கார்டு மூன்றாம் மணி நேரத்தில் நின்றது. பெட்டி ஆறும் வரை கீழே போய் வறுத்த பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் சாப்பிட்டோம். பிறகு டோப்ரிலாவின் சிப். நான்கு மணி நேரம் முடிந்தபோது எழுபத்தொன்பது. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். திஹோமிரின் கணக்கில் இப்போது தேறியது ஒன்றுதான்; தேறாததன் எண்ணுக்குப் போன் செய்து பயனில்லை. லெஹெல் சண்டை போடவில்லை. கார்டைக் கழற்றும்போது, நிற்கிற காலை எவ்வளவு பின்தள்ளினார் என்று கேட்டார். டோப்ரிலா ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். அவர் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

விதோசாவ் கிளம்பும்போது ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். முதலாளி சொன்ன பயம் அவருக்கும் இருந்தது. ஒரே ஆள் மண்டையில் இருக்கிற பொருளை நாற்பது வண்டியில் மாட்ட முடியாது. சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று, டிப்போ ஃபிட்டர் படித்தால் புரிகிற மாதிரி, முழுக் கையேடு வேண்டும். அது வந்த பிறகுதான் முதல் பெட்டியை எடுப்போம்.

"எழுதிடலாம்," என்றார் திஹோமிர். "யாரு எழுதறது?" என்று கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. மெதுவாக என் வெப்பமானியை எடுத்தார்.

டிசம்பர் முதல் தேதி டோப்ரிலா தன் பையோடு மாடியேறினார். நான் அளவுகளைக் கொடுக்க அவ்வப்போது போவேன். முதல் வாரம் போனபோது ஸ்போமென்கா ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கையேடு எழுதுவதில் ஸ்போமென்காவுக்கு முப்பது வருட அனுபவம், யாரையும் நம்பமாட்டார்.

"'நகராட்சி முறை'ன்னு எழுத முடியாதுடி. வாங்கறதே ஒரு நகராட்சியோட கம்பெனி."

"அப்ப என்ன எழுத?"

"என்ன நடக்குதோ அத எழுது."

டோப்ரிலா எழுதினார். ஸ்போமென்கா படித்தார். "'சுமை அதிகமுள்ள கால் நிற்கும்.' ஏன் நிக்குது?"

"சூடு கொறையறதுக்கு."

"அது எங்க இருக்கு?"

"என் மண்டைல இருக்கு."

"நாப்பது வண்டிக்கும் உன் மண்டையதான் மாட்டப் போறாங்களா?" ஸ்போமென்கா தாளைத் திருப்பிக் கொடுத்தார். "எழுது. அப்பறம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னும் எழுது. ஃபிட்டர் அதப் பாத்துட்டுக் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சுக் கழட்டிடுவான்."

டோப்ரிலா அந்த வரியை அடித்தார். ஃபிட்டர் கழற்றிவிடுவான் என்பது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டு, புதுத் தாளில் முதல் வரியிலிருந்து தொடங்கினார். கையேடு மார்ச்சில் முடிந்தது. முதல் பெட்டி ஏப்ரலில் போயிற்று.